முட்டை குடிக்கிற கோழி: தப்பு யார் மேல?

ஒரு காட்சியோட ஆரம்பிக்கலாம்.

ராமநாதபுரம் கடற்கரையில் ஏதோ ஒரு ஊர். மண்டபமா இருக்கலாம், தங்கச்சிமடமா இருக்கலாம், கீழக்கரைக்குப் பக்கத்துல ஒரு குப்பமா இருக்கலாம். விடிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு. வீட்டுக்குப் பின்னாடி, பழைய கூடையில வைக்கோல் போட்டு வச்ச இடத்துல ஒரு பொண்ணு கையை விடுறா. முட்டை இருக்கணும். விரல்ல பிசுபிசுன்னு ஏதோ ஒட்டுது. எடுத்துப் பார்த்தா மஞ்சக்கருவும் ரெண்டு ஓட்டுத் துணுக்கும். பக்கத்துல நிக்கிற கோழியோட அலகுலயும் அதே மஞ்சள்.

"அப்பத்தா, இது முட்டையைக் குடிக்கப் பழகிருச்சு."

"பழகுன கோழி திருந்தாது ஆத்தா. ஞாயித்துக்கிழமை அறுத்துரு."

கோழி வளர்க்கிற வீடுகள்ல ரொம்ப காலமா இருக்கிற தீர்ப்பு இது. முட்டை குடிக்கிற கோழிக்குக் குழம்புச்சட்டிதான் கதி. அந்தத் தீர்ப்பு சரியா? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது. அதில் பிரிட்டன் புறாக்காரர்கள் வருகிறார்கள், பூச்சிமருந்து வருகிறது, சோடாத் தண்ணி வருகிறது, கடைசியில் நம்ம ராமநாதபுரம் கடற்கரைக் கிளிஞ்சலும் வருகிறது.

ஒரு முட்டை போனா என்ன போகுது?

சிட்டியில் இருக்கிறவர்களுக்கு ஒரு முட்டை உடைந்தால் ஏழெட்டு ரூபாய் நஷ்டம். நாட்டுக்கோழி வளர்க்கிற வீட்டில் கணக்கு வேற.

கொல்லையில் மேய்கிற நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை வரைதான் இடும். அதையும் தொடர்ச்சியாக இடாது. ஒரு பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், அடைக்கு உட்காரும், 21 நாளில் குஞ்சு பொரிக்கும், குஞ்சோடு சில மாதம் சுற்றும், அப்புறம்தான் அடுத்த சுற்று. அதனால் அங்கே ஒரு முட்டை என்பது ஒரு குஞ்சு. வளர்ந்தால் ஒரு கோழி. திருவிழாவுக்கோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போதோ விற்கக்கூடிய ஒரு கோழி.

இன்னொன்று, அந்தக் காசு யாருடையது என்பது. கடலுக்குப் போகிற வீட்டில் படகு, வலை, மீன் விற்ற பணம் எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் கையில். கோழியும் முட்டையும் பெண்கள் கையில். கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் ஒளித்து வைக்கிற சிறுவாட்டுக் காசில் ஒரு பங்கு முட்டைக் காசுதான். படகு கரையிலேயே நிற்கிற நாட்களில் வீடு ஓடுவது அதை வைத்து.

ஆங்கிலத்திலும் ஒதுக்கி வைத்த சேமிப்புக்கு 'நெஸ்ட் எக்' என்று பெயர். கூட்டு முட்டை. எல்லா முட்டையையும் எடுத்துவிட்டால் கோழி அந்தக் கூட்டையே விட்டுவிடும் என்று ஒன்றை மட்டும் விட்டு வைக்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல். நம் ஊரிலும் அதே வழக்கம் உண்டு. ஆக, ரெண்டு ஊர்லயும் சேமிப்பு கோழிக்கூட்டுலதான் இருந்திருக்கு.

தண்டனைகளின் வரலாறு

சரி, கோழி தன் முட்டையைக் குடித்தால் மனிதர்கள் என்ன செய்தார்கள்? பெரும்பாலும் தண்டித்தார்கள்.

முட்டையில் சின்ன ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, மிளகாய்த்தூளோ கடுகு விழுதோ நிரப்பிக் கூட்டில் வைப்பது ஒரு முறை. கோழி கொத்தும், காரம் ஏறும், பயந்துவிடும் என்பது எண்ணம். ஆனால் ஒரு சிக்கல். மிளகாயில் நமக்கு எரிகிற பொருளான கேப்சைசின் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. கிளி மிளகாய்ப் பழத்தை ஜாலியாகத் தின்பதைப் பார்த்திருப்பீங்க. கோழிக்கும் அப்படித்தான். மிளகாய் முட்டை வைத்தவர்கள் கோழிக்கு மசாலா போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

பொய் முட்டை இன்னொரு முறை. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பீங்கானில் செய்த முட்டைகள் கடையில் விற்றன. கூட்டில் வைத்தால் கோழி கொத்திப் பார்க்கும், அலகுதான் வலிக்கும், சலித்து விட்டுவிடும். இது ஓரளவு பலன் தரும். இன்றும் கோல்ஃப் பந்தை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

1930-களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து வேளாண் ஆய்வு நிலையத்தில் அலகின் நுனியை வெட்டும் முறை உருவானது. கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கொல்வதைத் தடுப்பதற்கு என்று வந்தது. பெரிய பண்ணைகளில் அது வழக்கமாகிவிட்டது. கோழியின் அலகு நகம் மாதிரி செத்த பொருள் கிடையாது. உள்ளே நரம்பு ஓடுகிறது. வெட்டினால் வலிக்கும்.

இந்த எல்லா முறைக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான்: தப்பு கோழி மேல. அந்த நம்பிக்கையை ஆட்டிப் பார்த்த சம்பவம் ஒன்று பிரிட்டனில் நடந்தது. அது கோழிப் பண்ணையில் நடக்கவில்லை. மலை முகட்டில் நடந்தது.

பைரியின் வழக்கு

பைரி என்றொரு வல்லூறு உண்டு. உலகத்திலேயே வேகமாகப் பாயும் பறவை. 1950-களில் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் இயற்கையியலாளர் பைரிக் கூடுகளைத் தேடி மலையேறிக்கொண்டிருந்தார். கூடுகளில் உடைந்த முட்டைகள் கிடந்தன. சில இடங்களில் பெற்ற பறவையே தன் முட்டையைத் தின்றிருந்தது. ஏன் என்று புரியவில்லை. உடைந்த முட்டைகளைப் பற்றி 1958-ல் ஒரு கட்டுரை எழுதினார்.

இதற்கிடையில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் அரசாங்கத்திடம் புகார் சொன்னார்கள்: பைரி பெருகிவிட்டது, எங்கள் புறாவையெல்லாம் அடித்துத் தின்கிறது, ஏதாவது செய்யுங்கள் என்று. சரி, எண்ணிப் பார்ப்போம் என்று 1961, 62-ல் கணக்கெடுப்பு நடந்தது. பொறுப்பு ராட்கிளிஃப்பிடம். முடிவு நேர் எதிர். பைரி பெருகவில்லை, வேகமாக அழிந்துகொண்டிருந்தது.

அப்புறம் ராட்கிளிஃப் செய்த வேலைதான் இந்தக் கதையின் முக்கியமான திருப்பம். பிரிட்டனில் பறவை முட்டை சேகரிப்பது ஒரு காலத்தில் பெரிய பொழுதுபோக்கு. பல பத்தாண்டு முட்டைகள் பெட்டி பெட்டியாக இருந்தன, ஒவ்வொன்றிலும் எடுத்த தேதியோடு. ராட்கிளிஃப் அந்த ஓடுகளை அளந்தார், எடை போட்டார். 1947-ஐ ஒட்டி ஓட்டின் எடை சட்டென்று குறைந்திருந்தது. சுமார் ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் காலகட்டத்தில்தான் டி.டி.டி. பூச்சிமருந்து வயல்களுக்கு வந்தது. 1967-ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். பூச்சிமருந்து தானியம் வழியாகப் புறாவுக்கும், புறா வழியாகப் பைரிக்கும் போயிருந்தது. உடம்பில் சேர்ந்த நஞ்சு, ஓட்டுக்குக் கால்சியம் போகிற வழியை அடைத்துவிட்டது. ஓடு மெலிந்தது. அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை நொறுங்கியது. உடைந்த முட்டையைப் பறவை தின்றது.

பார்த்தவர்களுக்குத் தெரிந்தது பறவை முட்டையைத் தின்கிறது என்பது மட்டும்தான். ஆனால் அது கடைசியில் நடந்த விஷயம். முதலில் நடந்தது ஓடு மெலிந்தது.

கோழிக்கு டி.டி.டி.யால் ஓடு அவ்வளவாக மெலிவதில்லை. அதனால் நம் கொல்லைக் கோழிக்கும் பைரிக்கும் காரணம் ஒன்றல்ல. ஆனால் சங்கிலி ஒன்றுதான். ஓடு மெலியும், முட்டை உடையும், பறவை ருசி பார்க்கும். முதல் முட்டை விபத்து. அடுத்த முட்டையிலிருந்து பழக்கம்.

ஓர் ஓட்டுக்குள் எவ்வளவு கால்சியம்?

முட்டை ஓட்டில் சுமார் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். ஓர் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கும். கோழியின் மொத்த எலும்புக்கூட்டில் இருப்பதே 20 கிராம் அளவுதான். அதாவது ஒவ்வொரு முட்டைக்கும் தன் எலும்பில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை அது எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

காட்டுக்கோழிக்கு இது பிரச்சினையாக இல்லை. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான். நாட்டுக்கோழி கொஞ்சம் கூட. மனிதன் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இன்றைய பண்ணைக்கோழியோ வருடத்துக்கு 300-க்கு மேல் இடுகிறது. அதன் எலும்பில் இருப்பதைப் போல முப்பது மடங்கு கால்சியம் ஒரு வருடத்தில் ஓடாக வெளியே போகிறது. அவ்வளவும் தீவனத்தில் வந்தாக வேண்டும்.

இன்னொரு விஷயம். ஓடு உருவாக சுமார் 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி ராத்திரியில், கோழி தூங்கும்போது நடக்கிறது. தூங்கும்போது கால்சியத்துக்கு எங்கே போகும்? ஒன்று எலும்பில் சேமித்து வைத்ததிலிருந்து. இல்லையென்றால் அரைவைப்பையில் இருந்து. பல்லில்லாத பறவைக்கு அரைவைப்பைதான் அம்மி. சாயங்காலம் விழுங்கிய கிளிஞ்சல் துண்டு அங்கே கிடந்து ராத்திரி முழுக்க மெல்லக் கரையும். பொடியாகக் கொடுத்தால் சீக்கிரம் கடந்து போய்விடும். துண்டாகக் கொடுத்தால் தங்கும். அதனால்தான் முட்டையிடும் கோழி மத்தியானத்துக்கு மேல் தானாகவே ஓட்டுத் துண்டைத் தேடிக் கொத்துகிறது. எது வேணும், எப்போ வேணும்னு அதுக்குத் தெரியும்.

கடற்கரையில் கொட்டிக் கிடந்த பதில்

இப்போது ராமநாதபுரத்துக்குத் திரும்புவோம். கால்சியம் கார்பனேட்டுக்கு இந்தக் கடற்கரையில் ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை. சேதுபதிகள் காலத்தில் இங்கே சங்கு குளிப்பு சமஸ்தானத்தின் வருமானம். சென்னை மாகாண மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார். சங்கும் ஒரு கடல் ஓடுதான். முத்துச்சிப்பி, மட்டி, கிளிஞ்சல் எல்லாம் அதே சரக்குதான். கணவாய் மீனுக்குள் இருக்கிற வெள்ளை ஓடும், அதாவது கரையில் ஒதுங்கும்போது நாம் 'கடல் நுரை' என்று சொல்வதும், அதேதான்.

வீட்டுச் சுவரிலும் அதுதான் இருந்தது. கிளிஞ்சலைக் கரியோடு அடுக்கிக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. தண்ணீர் ஊற்றி நீற்றி, சுவரில் பூசினால், காற்றில் இருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடி கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடும். கடலில் ஓடாக இருந்தது சுவரில் திரும்பவும் ஓடாகிறது. பழைய சுவரடியில் உதிர்ந்த காரையைக் கோழி கொத்துவதைப் பார்த்து 'சனியன், சுவத்தைப் பேக்குது' என்று திட்டியிருப்பார்கள். அது தன் அடுத்த முட்டைக்கு ஓடு தேடிக்கொண்டிருந்தது.

மீன் ஆய்கிற இடத்தில் செதிலும் முள்ளும் தலையும் விழும். கோழி அங்கேதான் நிற்கும். கால்சியமும் புரதமும் அதில் கிடைத்தன. வெயில் வைட்டமின் டி கொடுத்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. திறந்த கொல்லை, மீன், கிளிஞ்சல், சுண்ணாம்புச் சுவர் என்று அந்த வாழ்க்கையே கோழிக்கு வேண்டியதைக் கொடுத்தது.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. காரைச் சுவர் போய் சிமென்ட்டும் பெயின்ட்டும் வந்தன. மீன் கரையிலிருந்தே ஐஸ் பெட்டியில் ஏறியது. கொல்லை சுருங்கி, கோழி வலைக்கூண்டுக்குள் போனது. அரிசியும் குருணையும் தவிடும் தின்கிற கோழிக்கு வயிறு நிறையும், ஓடு நிறையாது.

அப்போ கடற்கரைக்குப் போய் அள்ளிட்டு வந்துடலாமான்னு கேட்டா, கொஞ்சம் நில்லுங்க. மன்னார் வளைகுடாவில் முருகைக்கல்லைச் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் வெட்டினார்கள். அந்த அழிவு பெரியது. 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டதற்குப் பவளப்பாறையை வெட்டியதே முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 1986-ல் இங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2001-ல் பவளப்பாறை உயிரினங்களும் சில சங்கு வகைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலுக்குள் வந்தன. அதனால் கரையில் ஒதுங்கிய முருகைக்கல்லைத் தொடாதீங்க. கோழிக்கு அது தேவையும் இல்லை. சமைத்துச் சாப்பிட்ட மட்டி ஓடு போதும். தீவனக் கடையில் கிளிஞ்சல் கிலோக் கணக்கில் கிடைக்கிறது.

வெயிலும் சோடாவும்

கிளிஞ்சல் இருந்தும் ஓடு மெலிகிற காலம் ஒன்று உண்டு. சித்திரை, வைகாசி.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வேகமாக மூச்சு விட விட, ரத்தத்தில் இருக்கிற கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடும். கால்சியம் கார்பனேட்டில் 'கார்பனேட்' பாதி அந்த வாயுவிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால், கால்சியம் இருந்தும் ஓடு தடிமனாகாது. போதாததற்கு வெயிலில் கோழி தின்பதும் குறையும்.

1985-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். வெக்கையில் இருந்த கோழிகளுக்குக் குடிக்க சோடாத் தண்ணி கொடுத்தார்கள், வெறும் கரியமில வாயு கலந்த தண்ணீர். ஓட்டின் தரம் கூடியது. கேட்கச் சிரிப்பா இருக்கும், ஆனா கணக்கு சரிதான். போன வாயுவைத் தண்ணியில திருப்பிக் கொடுத்தாங்க.

நாம் சோடா வாங்க வேண்டியதில்லை. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் போதும். ஆனால் தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டத்தில் 'தண்ணீர் போதும்' என்று சொல்வது லேசு. குடம் சுமந்து வருகிற வீட்டில் கோழிச் சட்டியில் ஒருநாளைக்கு மூன்று தடவை தண்ணீர் மாற்றுவது யார்? அதே பெண்தான்.

கூண்டு கொடுத்த பதில்

பெரிய பண்ணைகள் இந்தப் பிரச்சினையை வேறு மாதிரி முடித்துவிட்டன. கம்பிக்கூண்டு. 1930-களிலிருந்து அமெரிக்காவில் பரவியது. நோய், எச்சம், வேலையாள் என்று அதற்குப் பல காரணங்கள். ஆனால் கூண்டின் தரை சாய்வாக இருப்பதைப் பாருங்க. முட்டை விழுந்த நொடியில் உருண்டு, அலகுக்கு எட்டாத தூரத்துக்கு வெளியே வந்துவிடும். முட்டை குடிக்கிற கேள்வியே வராது.

அந்தக் கூண்டால்தான் முட்டை மலிவானது என்பதையும் சொல்ல வேண்டும். நாமக்கல் வளர்ந்தது அதனால். 1989-ல் தமிழ்நாட்டுச் சத்துணவில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, பிறகு கூடிக்கொண்டே போனது. பள்ளிக்கூடத்தில் மட்டுமே முட்டையைப் பார்த்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் விலையைக் கொடுத்தது கோழி. ஏ4 தாளைவிடச் சின்ன இடத்தில், இறக்கையை விரிக்க முடியாமல், கூடு கட்டும் ஆசை அடங்காமல் அதன் வாழ்க்கை போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இப்படிப்பட்ட கூண்டை 2012-ல் நிறுத்தியது. நம் சட்ட ஆணையமும் 2017-ல் தன் 269-வது அறிக்கையில் கூண்டுக்கு எதிராகப் பரிந்துரைத்தது.

அந்தக் கூட்டுக்குத் திரும்புவோம்

இப்போது அப்பத்தா சொன்ன தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுக்குள்ள என்ன செய்யலாம்?

மிஞ்சிய முட்டைகளின் ஓட்டைப் பாருங்கள். மெலிசாக, சொரசொரப்பாக இருந்தால், தோல் முட்டை விழுந்தால், காரணம் பெரும்பாலும் தீவனமோ வெயிலோ. கிளிஞ்சல் துண்டைத் தனிச் சட்டியில் வையுங்கள், குறிப்பாகச் சாயங்காலம். சுட்ட சுண்ணாம்பைக் கொடுக்காதீங்க, வாயும் குடலும் வெந்துவிடும். முட்டை ஓட்டையே கொடுப்பதென்றால் காயவைத்து வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிக் கொடுங்கள். மீன் தலை நல்லது. உப்புக் கருவாடு கூடாது, உப்பு கோழிக்கு ஆகாது.

ஓடு நன்றாக இருந்தும் குடிக்கிறது என்றால் இடத்தைப் பாருங்கள். நான்கைந்து கோழிக்கு ஒரு கூடாவது வேண்டும். கூடு இருட்டாக இருக்கட்டும், கண்ணுக்குத் தெரியாததைக் கோழி கொத்தாது. வைக்கோல் தடிமனாக இருக்கட்டும். பெரும்பாலான கோழிகள் காலையில்தான் இடும், அதனால் மத்தியானத்துக்குள் ரெண்டு தடவை எடுத்துவிடுங்கள். கோழியைப் பகலில் மேய விடுங்கள். சும்மா நிற்கிற கோழிதான் கொத்திப் பார்க்கும். மொட்டை மாடியில் வளர்க்கிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். கீரைக்கட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டாலே அதற்கு வேலை கிடைத்துவிடும்.

இத்தனையும் செய்தும் நிறுத்தாத கோழி உண்டு. பழக்கம் முற்றிவிட்டால் மற்ற கோழிகளும் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அப்போது அதைத் தனியாகப் பிரிக்கத்தான் வேண்டும். அப்பத்தா சொன்னதில் பாதி நிஜம்: பழகின கோழி திருந்துவது கஷ்டம்.

மீதிப் பாதிதான் சிக்கல். அந்தக் கோழியை அறுத்துக் குழம்பு வைத்துவிட்டு, அதே கூட்டில், அதே தவிட்டை மட்டும் போட்டு, அதே வெயிலில் அடுத்த கோழியை விட்டால், ரெண்டு மாதத்தில் அதுவும் குடிக்க ஆரம்பிக்கும். ராட்கிளிஃப் பழைய முட்டைகளைத் தராசில் வைத்த மாதிரி, நாமும் அறுப்பதற்கு முன்னால் ஓட்டை ஒரு தடவை விரலில் அழுத்திப் பார்க்கலாம். அந்தப் பொண்ணுக்கு ஒரு கோழி மிஞ்சும். கோழியோடு அவள் சிறுவாடும் மிஞ்சும்.

உங்க வீட்டுல முட்டை குடிச்ச கோழியை என்ன பண்ணாங்கன்னு அப்பத்தாவையோ ஆச்சியையோ கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.